பழைய கேசட்டுகளைக் கேட்டுப் பட்டியலிட ஆள் வேண்டும்: சித்தூர் வட்டம், பாலக்காடு

சித்தூர் தமிழ் டீச்சர் எழுதியது:

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, ஒழலப்பதி, வேலந்தாவளம் என்று தமிழ் பேசும் ஊர்கள் அடுத்தடுத்து இருப்பதை இங்குள்ளவர்கள் அறிவீர்கள். அந்த ஊர்களில் ஒன்றின் நூலகத்தில் ஒரு மர அலமாரி நிறையக் கேசட்டுகளும், அதன் அடித்தட்டில் ஓர் இரும்புப் பெட்டியில் சில ரீல் சுருள்களும் இருக்கின்றன. ஊர் ஆசிரியர்களும், வளைகுடாவிலிருந்து டேப் ரெக்கார்டர் வாங்கி வந்தவர்களும், கோயில் விழாக்களிலும் கல்யாண வீடுகளிலும் வயல்களிலும் இழவு வீடுகளிலும் பதிவு செய்து, பின்னாளில் நூலகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனவை அவை. அவற்றைக் கேட்டு, யார் பாடுகிறார்கள், எந்த ஊர், எந்தச் சந்தர்ப்பம் என்று பட்டியலிடும் வேலையை நாங்கள் சிலர் தன்னார்வமாகத் தொடங்கியிருக்கிறோம்.

இதுவரை கேட்டவற்றில் கம்பராமாயணத்தைத் தோல் பாவைகளின் நிழலால் காட்டும் தோல்பாவைக்கூத்து இருக்கிறது, பாலக்காட்டு நாட்டுப்புற நாடகமான பொறாட்டு நாடகத்தின் பாட்டுகள் இருக்கின்றன, கும்மியும் நடவுப்பாட்டும் உடுக்கடிப் பாட்டும் இழவு வீட்டு ஒப்பாரியும் இருக்கின்றன, கோயில் திருவிழாக் கச்சேரிகளும் கோயம்புத்தூர் வானொலியிலிருந்து பிடித்த நிகழ்ச்சிகளும் இருக்கின்றன. பல கேசட்டுகளின் சீட்டில் ஒரே ஒரு சொல்தான் எழுதப்பட்டிருக்கிறது. "கூத்து" என்று மட்டும் எழுதிய கேசட்டில் எந்தக் காவின் (பகவதி கோயிலின்) கூத்து, எத்தனையாவது ராத்திரி, திரைக்குப் பின்னால் பாவையை ஆட்டிப் பாடும் புலவர் யார் என்பதை அந்தக் குரலைப் பழகிய ஒருவர்தான் சொல்ல முடியும். கருவிகள் வாங்க நன்கொடையாளர்கள் இருக்கிறார்கள். குரலைக் கேட்டவுடன் "இது இன்னாருடைய அப்பாரு" என்று சொல்லக்கூடிய அறுபது, எழுபது வயதுக்காரர்கள்தான் எங்களுக்கு மிகவும் தேவைப்படுகிறார்கள், அவர்களும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களை அழைத்து வாருங்கள் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

நாடாச்சுருள் (கோவை) எழுதியது:

டீச்சர், உங்கள் முயற்சிக்கு என் வணக்கம். டெக் (கேசட்டை ஓட்டும் இயந்திரம்) பழுது பார்ப்பதையே நெடுங்காலம் தொழிலாகக் கொண்டிருந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதலில் எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றுங்கள், பட்டியலைப் பிறகு நிதானமாகப் போட்டுக்கொள்ளலாம். 2019 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ, உலக ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சங்கத்துடன் சேர்ந்து காந்த நாடாக்களைப் பற்றி ஓர் எச்சரிக்கைத் திட்டத்தையே நடத்தியது. நாடா கெட்டுப்போவது ஒரு பக்கம் இருக்க, அதை ஓட்டும் இயந்திரங்களும் உதிரி பாகங்களும் கிடைக்காமல் போவதே பெரிய ஆபத்து என்பதுதான் அதன் சாரம்.

கேசட்டுகளை எடுத்தவுடன் டெக்கில் போட்டுவிடாதீர்கள். முதலில் சிறு ஜன்னல் வழியாக நாடாவின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளைப் பொடி போல் தெரிந்தால் அது பூஞ்சை, அந்தக் கேசட்டை மற்றவற்றிலிருந்து தனியே எடுத்து வையுங்கள், அதை ஓட்டிய டெக்கில் அடுத்த கேசட்டைப் போடாதீர்கள். நாடாவுக்குப் பின்னால் செப்புத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் சிறு பஞ்சுத் துண்டு பழைய கேசட்டுகளில் பசை காய்ந்து உதிர்ந்திருக்கும். அது இல்லாவிட்டால் ஒலி மங்கி, விட்டு விட்டுக் கேட்கும். திருகாணி போட்ட கேசட் என்றால் திறந்து, வேறொரு கேசட்டின் கூட்டுக்குள் நாடாவை மாற்றிவிடலாம். சி-90 (90 நிமிட) நாடா சி-60 (60 நிமிட) நாடாவை விட மெல்லியது, ஆதலால் அதைக் கூடுதல் கவனத்துடன் கையாள வேண்டும். பின்பக்கத்து மேல் விளிம்பிலுள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் நாக்குகளையும் எல்லாக் கேசட்டுகளிலும் உடைத்துவிடுங்கள், தவறிப் பதிவுப் பொத்தானை அமுக்கினாலும் பழையது அழியாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு கேசட்டுக்கும் ஹெட்டின், அதாவது டெக்கில் நாடாவைத் தொட்டுப் படிக்கும் பாகத்தின், சாய்வைச் சரி செய்யுங்கள். ஹெட்டின் பக்கத்திலிருக்கும் சிறு திருகாணியை மெல்லத் திருப்பிக்கொண்டே கேட்டால், ஓர் இடத்தில் பாடுபவரின் ச, ஸ ஒலிகள் சட்டென்று துலங்கும். அந்த இடம்தான் பதிவு செய்த இயந்திரத்தின் சாய்வு. இதைச் செய்யாமல் மாற்றிய கோப்பைப் பிறகு எந்த மென்பொருளாலும் முழுமையாகச் சரி செய்ய முடியாது.

சித்தூர் தமிழ் டீச்சர் எழுதியது:

மிக்க நன்றி, ஐயா. பஞ்சுத் துண்டைப் பற்றியும் ஹெட்டின் சாய்வைப் பற்றியும் நீங்கள் சொன்னதை அச்செடுத்து டெக்கின் பக்கத்தில் ஒட்டிவிட்டோம். ஆனால் "பட்டியல் பிறகு" என்பதில் மட்டும் நான் உங்களோடு உடன்பட முடியவில்லை.

எல்லாவற்றையும் மாற்றி முடித்த பின் கேட்கலாம் என்று விட்டால், வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட கோப்புகள் ஒரு ஹார்டு டிஸ்கில் சேரும், அவ்வளவுதான். நாடா இன்னும் பத்தாண்டு தாக்குப்பிடிக்கலாம். அந்தப் பொறாட்டு நாடகத்தில் குறத்தி வேடம் கட்டியவரை அடையாளம் காட்டக்கூடிய ஒரே பெரியவர் தாக்குப்பிடிப்பார் என்று யாரால் சொல்ல முடியும்? அடையாளம் தெரியாத குரல் அழியாமல் இருந்தாலும் அந்தக் குடும்பத்துக்கோ ஊருக்கோ அது போய்ச் சேராது. ஆகவே நாங்கள் வரிசையை நாடாவின் நிலையைப் பார்த்து மட்டும் முடிவு செய்வதில்லை. எந்தக் கேசட்டைப் பற்றிச் சொல்லத் தெரிந்தவர் மிகவும் முதியவரோ, அந்தக் கேசட் முதலில். அசல் நாடாவை ஒரே தடவைதான் ஓட்டுகிறோம், அந்த ஓட்டத்திலேயே கணினியில் பதிவாகிவிடுகிறது, பெரியவர்களுக்கு அந்தப் பிரதியைத்தான் போட்டுக் காட்டுகிறோம்.

இதற்கு முன்னுதாரணம் உண்டு. டச்சு இசை ஆய்வாளர் ஆர்னால்ட் பேக் 1938 இல் தென்னிந்தியாவில் செய்த பதிவுகளின் பிரதிகளை எடுத்துக்கொண்டு, 1984 இல் நசீர் ஜைராஸ்பாயும் ஏமி கேட்லினும் அதே ஊர்களுக்குத் திரும்பிப் போனார்கள். பாடியவர்களின் வழிவந்தவர்களுக்கு அவற்றைப் போட்டுக் காட்டி, எது மாறியது, எது நிலைத்தது என்று பதிவு செய்தார்கள். அவர்கள் போனபோது நாற்பத்தாறு ஆண்டுகள் கழிந்திருந்தன. நம்முடைய கேசட்டுகள் நம் ஊரை விட்டு எங்கும் போகவில்லை, கேட்கக்கூடியவர்களும் நான்கு தெரு தள்ளித்தான் இருக்கிறார்கள். இந்த வசதி எந்தப் பெரிய ஆவணக் காப்பகத்துக்கும் கிடையாது.

நூலகவியல் மாணவி எழுதியது:

வணக்கம் டீச்சர். நான் விடுமுறையில் மீனாட்சிபுரத்துக்கு வரும்போது உங்களோடு சேர்ந்து வேலை செய்ய ஆசைப்படுகிறேன். பட்டியலை எந்த வடிவத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன். டப்ளின் கோர் என்ற எளிய விவரிப்பு முறையின் பதினைந்து கூறுகளே உங்களுக்குப் போதும் என்று நினைக்கிறேன், பிறகு தேவைப்பட்டால் நூலகங்கள் பயன்படுத்தும் விரிவான பட்டியல் வடிவமான மார்க் 21க்கு மாற்றிக்கொள்ளலாம். மொழியைப் பற்றி ஒரு கேள்வி. கூத்தில் பாட்டு கம்பனுடைய தமிழாக இருக்கும், புலவர் சொல்லும் உரை தமிழும் மலையாளமும் கலந்திருக்கும், கேசட்டின் சீட்டு மலையாள எழுத்தில் இருக்கும். இதை எந்த மொழிப் பதிவு என்று எழுதுகிறீர்கள்? ஒலிக் கோப்பைப் பொறுத்தவரை, 24 பிட், குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், முடிந்தால் 96 என்பதுதான் காப்பகங்கள் பின்பற்றும் பரிந்துரை.

சித்தூர் தமிழ் டீச்சர் எழுதியது:

வாம்மா, கட்டாயம் வா. கோப்பு 96 இல்தான் எடுக்கிறோம். ஒரு சி-90 கேசட் ஏறத்தாழ மூன்று ஜிபி பிடிக்கிறது, ஆகவே இரண்டு டிஸ்குகளில் எடுத்து, ஒன்றை வேறு ஊரில் ஓர் உறுப்பினர் வீட்டில் வைத்திருக்கிறோம்.

மொழியைப் பற்றி நீ கேட்டது சரியான கேள்வி. இரண்டு மொழிகளையும் எழுதுகிறோம், பாட்டுக்கு எது, உரைக்கு எது என்று பிரித்து எழுதுகிறோம். கேரள நூலகம் என்பதற்காக மலையாளம் என்று மட்டும் எழுதினால் தமிழில் தேடுகிறவருக்குக் கிடைக்காது. நம் ஆர்வத்தில் தமிழ் என்று மட்டும் எழுதினால் அது அந்தப் புலவருக்குச் செய்யும் அநியாயம், ஏனென்றால் அவருடைய கலை இரண்டிலும் காலூன்றி நிற்கிறது.

பட்டியல் ஒரு சாதாரண எக்செல் தாள்தான். ஆனால் அதில் மூன்று செய்திகளை ஒன்றோடொன்று கலக்காமல் வைக்க வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருக்கிறோம். சீட்டில் எழுதியிருப்பது, எந்த எழுத்தில் இருக்கிறதோ அந்த எழுத்திலேயே, பிழையோடு சேர்த்து, ஒரு கட்டத்தில் போகும். காதில் கேட்பது, நிமிடமும் நொடியும் குறித்து, அடுத்த கட்டத்தில். யாரோ ஒருவர் அடையாளம் சொன்னது, சொன்னவர் பெயரும் எப்படித் தெரியும் என்பதும் சேர்த்து, இன்னொரு கட்டத்தில். "பாடியவர் தன் சின்ன மாமனார் என்று இன்னார் சொன்னார், குரலையும், இரண்டாம் அடியில் அவர் வழக்கமாக வைக்கும் இழுப்பையும் கொண்டு சொன்னார்" என்று எழுதி வைத்தால், நாளைக்கு வேறொருவர் வந்து மறுக்கும்போது எதை மறுக்கிறார் என்பது தெளிவாக இருக்கும். பட்டியலாளர் தாமாகச் சேர்த்த செய்தியைச் சதுர அடைப்புக்குள் இடும் பழைய நூலக மரபின் பொருளும் இதுதானே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பல சீட்டுகளில் பதிவு செய்தவரின் பெயர் இருக்கிறது, கொடுத்தவரின் பெயர் இருக்கிறது, பாடியவருக்கு மட்டும் சாதிப் பெயரோ "பணிக்காரி" என்ற சொல்லோதான் இருக்கிறது. நாள் முழுதும் சேற்றில் நின்று நடவுப்பாட்டைத் தலைமையேற்றுப் பாடிய பெண்ணுக்கு ஒரு பெயர் உண்டு. அதைக் கண்டுபிடித்து ஆக்கியோர் என்னும் கட்டத்தில் முதலில் எழுதாத பட்டியலை நான் முடிந்த பட்டியலாக எண்ணுவதில்லை. 1965 இல் காங்கேயம் வட்டாரத்தில் கொங்கு நாட்டு வாய்மொழிக் கதையான அண்ணன்மார் கதையை மானிடவியலாளர் பிரெண்டா பெக் ஒலிநாடாவில் பதிவு செய்தபோது பாடிய கலைஞரின் பெயரையும் சேர்த்தே காப்பாற்றி வைத்தார், அதனால்தான் இன்றும் அது ஒரு கலைஞனின் படைப்பாக நிற்கிறது.

கம்பன் வாசகர் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். கூத்துப் பதிவுகளில் எந்த ராத்திரி என்று தெரியவில்லை என்றீர்கள். அதற்குக் கம்பராமாயணப் பதிப்புகளின் பின்னிணைப்பிலுள்ள பாட்டு முதற்குறிப்பு அகராதியே போதும். புலவர் பாடும் செய்யுளின் முதல் இரண்டு சொற்களைப் பிடித்துவிட்டால் படலம் தெரிந்துவிடும். "உறங்குகின்ற கும்பகன்ன" என்று கேட்டால் அது கும்பகருணன் வதைப் படலம், அதில் ஐயமில்லை. ஆனால் கூத்துக்காரர்கள் செய்யுளைப் பல இடங்களில் திரித்துப் பாடுவதைக் கேட்டிருக்கிறேன். பட்டியலில் அச்சுப் பதிப்பின்படி திருத்தி எழுதிவிடுவதே முறை, இல்லாவிட்டால் பிழையான பாடம் பரவிவிடும்.

சித்தூர் தமிழ் டீச்சர் எழுதியது:

ஐயா, முதற்குறிப்பு அகராதி யோசனை எங்களுக்குப் பெரும் உதவி. ஒரு கேசட்டில் முதலில் கிடைத்த செய்யுள் அங்கதன் தூதுப் படலத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தவுடன், அதே கையெழுத்துச் சீட்டுள்ள மற்றக் கேசட்டுகளையும் கதை வரிசைப்படி அடுக்க முடிந்தது. ஒரு சில காவுகளில் கூத்து ஏழு ராத்திரி, சிலவற்றில் பதினான்கு, இருபத்தொன்று, அதற்கு மேலும் நடப்பதால், படலம் தெரிந்தாலும் ராத்திரி எண் தானாகத் தெரிந்துவிடாது. காவு எது என்பதும் தெரிந்தால்தான் கணக்குப் போட முடியும், அதற்கு மறுபடியும் மனிதர்களிடம்தான் போக வேண்டியிருக்கிறது.

திருத்தி எழுதுவதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. பாலக்காட்டுக் காவுகளில் பத்திரகாளி காண்பதற்காக நடக்கும் கூத்தில் தலைமுறை தலைமுறையாக வாய்வழி வந்த பாடம் அது. அச்சுப் பதிப்பிலிருந்து அது எங்கே விலகுகிறது என்பதே ஓர் ஆராய்ச்சியாளர் தேடி வரும் செய்தியாக இருக்கும். நாம் திருத்திவிட்டால் அவர் பட்டியலைப் பார்த்து, இங்கே புதிதாக ஒன்றும் இல்லை என்று திரும்பிப் போய்விடுவார். கேட்டதைக் கேட்டபடி எழுதி, பக்கத்தில் படலத்தின் பெயரைத் தருகிறோம், ஒப்பிட விரும்புகிறவர் ஒப்பிட்டுக்கொள்ளட்டும். உங்களைப் போல் கம்பனை மனப்பாடமாக அறிந்த ஒருவர் எங்களோடு உட்கார்ந்தால், செய்யுளைப் பிடிக்கும் வேலை பாதியாகக் குறையும்.

கம்பன் வாசகர் எழுதியது:

நீங்கள் சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது. வாய்மொழிப் பாடம் என்று தனியே குறிப்பிட்டு வைத்தால் பிழை பரவும் என்ற என் அச்சத்துக்கும் இடமில்லை. பொங்கலுக்குப் பிறகு வருகிறேன்.

வேலந்தாவளத்தான் எழுதியது:

டீச்சர், எனக்கு ஒரு மனத்தாங்கல் இருக்கிறது, அதை வெளிப்படையாகவே சொல்கிறேன். உங்கள் கேசட்டுகளில் இழவு வீட்டு ஒப்பாரியும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் அம்மாயி (அம்மாவின் அம்மா) பெரிய ஒப்பாரிக்காரி, ஊரில் எந்தச் சாவு என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தன் சொந்த மகன் இறந்தபோது அவர் அழுததையும் யாரோ பதிவு செய்ததாக வீட்டில் பேச்சு உண்டு. அதில் எங்கள் குடும்பத்துப் பங்காளிச் சண்டை, மாமன் வீட்டார் செய்த துரோகம் எல்லாம் பெயர் சொல்லி வரும். அது இணையத்தில் ஏறி, கல்யாண வீட்டு மைக்கில் யாரோ போட்டுக் கேட்கும் நிலை வந்தால் எங்களால் தாங்க முடியாது. அதே சமயம், அம்மாயியின் குரல் எங்கள் வீட்டில் ஒரு துளியும் இல்லை. இருந்தால் கேட்க வேண்டும் என்றும் இருக்கிறது.

நூலகவியல் மாணவி எழுதியது:

அண்ணா, சட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, வணிக நோக்கமில்லாத பொது நூலகம் தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் படைப்பைப் பாதுகாப்பதற்காக மின்னணு வடிவில் சேமித்து வைத்துக்கொள்ளலாம். இணையத்தில் எல்லோருக்கும் வெளியிடுவதற்கு அது அனுமதி ஆகாது. பாடியவருக்கென்று கலைஞர் உரிமை தனியே ஐம்பது ஆண்டுகளுக்கு உண்டு. ஆகவே நூலகம் பிரதி எடுத்து வைப்பதும் வெளியிடுவதும் இரண்டு வேறு முடிவுகள்.

சித்தூர் தமிழ் டீச்சர் எழுதியது:

தம்பி, நீங்கள் இதைச் சொன்னது நல்லதாயிற்று. சட்டம் என்ன சொன்னாலும், ஒருவர் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுததைப் பாட்டு என்ற பெயரில் கடை விரிக்க நாங்கள் தயாராக இல்லை. ஒப்பாரி கேட்ட அன்றே எங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். இழவு வீட்டுப் பதிவுகள் பட்டியலில் இடம்பெறும், ஆனால் "ஒப்பாரி, இன்ன ஊர், ஏறத்தாழ இன்ன ஆண்டு" என்ற அளவில் மட்டும். உள்ளே வரும் பெயர்களும் சண்டைகளும் பட்டியலில் ஏறாது. ஒலி நூலகத்துக்குள் மட்டும் இருக்கும். குடும்பத்தார் வந்து கேட்கலாம், பிரதி வேண்டுமென்றால் குடும்பத்தில் மூத்த பெண்கள் ஒப்புக்கொண்ட பிறகு தருவோம். பெண்கள் என்று ஏன் குறிப்பிட்டுச் சொல்கிறேன் என்றால், ஒப்பாரி அவர்களுடைய கலை, அதில் வரும் குறையும் பெரும்பாலும் அவர்கள் பட்ட குறை. அதை வெளியே விடலாமா என்று சொல்ல வீட்டு ஆண்களை விட அவர்களுக்கே உரிமை அதிகம்.

ஒரு கேசட்டின் சீட்டில் "வேலந்தாவளம் 83" என்று மட்டும் இருக்கிறது, இன்னும் ஓட்டவில்லை. உங்கள் அம்மாவையோ பெரியம்மாவையோ அழைத்து வாருங்கள். அதை ஓட்டும்போது நீங்கள் இருக்க வேண்டும், வேறு யாரும் அறையில் இருக்க மாட்டார்கள்.

வேலந்தாவளத்தான் எழுதியது:

அம்மாவிடம் பேசினேன். வருகிறோம் என்று சொல்லச் சொன்னார். 1983 ஆம் ஆண்டுதான் மாமா இறந்தது.

நாடாச்சுருள் (கோவை) எழுதியது:

டீச்சர், பட்டியல் பிறகு என்று நான் சொன்னதை விட்டுவிடுகிறேன், நீங்கள் செய்யும் முறைதான் உங்கள் ஊருக்குப் பொருந்தும். அந்த வேலந்தாவளம் கேசட்டைப் பொறுத்து ஒன்று. இழவு வீட்டில் பதிவு செய்தது என்றால் பெரும்பாலும் பேட்டரியில் ஓடிய ரெக்கார்டராக இருக்கும். பேட்டரி இறங்க இறங்கப் பதிவாகும்போது நாடா மெதுவாக ஓடியிருக்கும், அதை இன்று சரியான வேகத்தில் ஓட்டினால் பக்கத்தின் முடிவை நெருங்க நெருங்கக் குரல் கீச்சென்று உயர்ந்து, வேகமாகிக்கொண்டே போகும். பிள்ளைகளுக்கு அது தங்கள் அம்மாயியின் குரலாகவே தோன்றாது. மின்சாரத்தில் ஓடிய பதிவென்றால் அடியில் கேட்கும் இரைச்சல் 50 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும், 52 என்று காட்டினால் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கணக்கிடலாம். பேட்டரிப் பதிவில் அந்த ஆதாரம் கிடைக்காது, குரலை அறிந்தவர் பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்லத்தான் சரி செய்ய முடியும்.

ஆகவே அசல் கோப்பை மாற்றாமல் அப்படியே வையுங்கள். வேகம் திருத்திய பிரதியை வேறு பெயரில் எடுத்து, எவ்வளவு திருத்தினீர்கள், யார் சொல்லித் திருத்தினீர்கள் என்று உங்கள் எக்செல் தாளில் எழுதுங்கள். தம்பியின் அம்மா வரும் நாளை எனக்குச் சொன்னால் நானும் என் டெக்கை எடுத்துக்கொண்டு வருகிறேன். அதில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் குமிழ் இருக்கிறது. நீங்கள் சொன்னபடி நான் அறைக்கு வெளியே இருந்துகொள்கிறேன், குமிழைத் திருப்புவது எப்படி என்று உங்களுக்குக் காட்டித் தந்துவிடுவேன்.

சித்தூர் தமிழ் டீச்சர் எழுதியது:

மிக்க நன்றி, ஐயா. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வைத்துக்கொள்ளலாம். கோவையிலிருந்து வேலந்தாவளம் வழியாக வரும் பஸ்ஸில் ஏறினால், தம்பி உங்களை அங்கிருந்து அழைத்து வந்துவிடுவார். இதைப் படிக்கும் மற்றவர்களும், வீட்டில் கேசட் இருந்தால் நாடாவின் ஓரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, துணிப்பையில் போட்டு எடுத்து வாருங்கள், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். கேசட் இல்லாவிட்டாலும் பெரியவர்களோடு வாருங்கள். மதியச் சாப்பாடு நூலகத்திலேயே உண்டு.